இருதயத்தின் புழக்கடை

நெஞ்சில் நோய் என்று மருத்துவமனைக்கு வந்தவரிடம், "வாயைத் திறவுங்கள், தொண்டை வழியாக ஒரு குழாயை விட்டு இருதயத்தைப் பார்க்கவேண்டும்" என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? இந்த டாக்டருக்கு இருதயம் எங்கே இருக்கிறது என்றாவது தெரியுமா என்றுதான் நினைப்பார். நம் ஊர்ப்பக்கத்துப் பெரியவர்கள் சிலர் அதை வாய்விட்டே கேட்டுவிடுகிறார்கள். கேட்பது நியாயந்தான். சோறு போகும் பாதை வேறு, இரத்தம் ஓடும் பாதை வேறு. ஒன்றின் வழியே சென்று மற்றொன்றைப் பார்ப்பதாவது!

நான் இப்பல்கலைக்கழக மருத்துவமனையின் இருதயப் பிரிவில் மேற்படிப்புப் படிக்கிறவன். நம் சங்கத்து நண்பர்கள் பலரை எனக்கு மருத்துவமனை வராந்தாவில் வைத்தே பழக்கம். கட்டட வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து இவ்வூருக்கு வந்திருக்கும் குடும்பங்களில் ஒருவர் படுக்கையில் சேர்ந்துவிட்டால், "தமிழ் தெரிந்த மாணவர் யாரேனும் உண்டா?" என்று விடுதிக்குத் தொலைபேசி வரும். பௌதிகம் படிக்கிறவரும் வரலாறு படிக்கிறவரும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவருவார்கள். வந்த இடத்தில் "டி. இ. இ. எடுக்கவேண்டும் என்று சொல்லுங்கள்" என்பார் டாக்டர். நம் நண்பரும் அப்படியே, "டீ எடுக்கவேண்டுமாம்" என்று சொல்லிவிடுவார். அந்த அம்மாள், "இப்பதான் குடிச்சேன், வேண்டாம்" என்பார். சிரிக்கத் தக்க செய்திதான். ஆனால் இந்தச் சோதனையில் மொழிபெயர்ப்பவரின் ஒரு சொல் மிகப் பெரிய காரியம் செய்யக்கூடும். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். இருதயத்தைப் பார்க்கத் தொண்டைக்குள் ஏன் போகவேண்டும்?

உணவுக்குழாய் என்பது தொண்டையிலிருந்து இரைப்பை வரை செல்லும், ஏறத்தாழ 25 செண்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தசைக் குழாய். கழுத்தில் அது மூச்சுக்குழாயின் பின்னே இறங்குகிறது. மார்புக்குள் நுழைந்தபின் ஒரு பக்கம் முதுகெலும்பு, மறுபக்கம் இருதயம். இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் அது போகிறது. இருதயத்தில் நான்கு அறைகள் உண்டு என்பது யாவரும் அறிந்ததே. அவற்றுள் எல்லாவற்றுக்கும் பின்னால், முதுகைப் பார்த்து இருப்பது இடது மேலறை. அந்த மேலறையின் பின்சுவரும் உணவுக்குழாயின் முன்சுவரும் ஒட்டிக் கிடக்கின்றன. இடையே சில மில்லிமீட்டர்தான். நாம் ஒவ்வொரு கவளம் விழுங்கும்போதும் அது இருதயத்தின் முதுகை உரசிக்கொண்டுதான் இறங்குகிறது. நம் கிராமத்து வீடுகளில் தெருவாசல் வழியே பார்த்தால் திண்ணையும் கூடமும் தெரியும். பின்கட்டில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. அதற்குப் புழக்கடைச் சந்துக்குப் போகவேண்டும். உணவுக்குழாய் இருதயத்தின் புழக்கடைச் சந்து.

இந்த நெருக்கம் பழைய மருத்துவர்களுக்கும் தெரிந்திருந்தது. பேரியம் என்னும் வெண்மையான மாக்கரைசலை நோயாளியைக் குடிக்கச் செய்து எக்ஸ்ரே எடுப்பார்கள். உணவுக்குழாய் நேராக இறங்காமல் ஓரிடத்தில் பின்பக்கம் வில்லாக வளைந்து தெரிந்தால், இடது மேலறை வீங்கிப் பெருத்து அதைத் தள்ளுகிறது என்று கண்டுகொள்வார்கள். அயலான் வீட்டுச் சுவர் சாய்ந்திருப்பதைக் கண்டு இவன் வீட்டுக் கதையைத் தெரிந்துகொள்வது போல.

இன்று இருதயத்தைப் பார்க்க முதலில் செய்வது எக்கோ. செவிக்கெட்டாத ஒலியை மார்பின் மேலிருந்து உள்ளே அனுப்பி, பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு படம் வரைவது அது. நம் செவி நொடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். எக்கோ கருவியோ இருபது, முப்பது இலட்சம் அதிர்வுகளை அனுப்புகிறது. வலியில்லை, ஊசியில்லை, எக்ஸ்ரேயின் கதிர்வீச்சும் இல்லை. பெரும்பாலான நோயாளிகளுக்கு இதுவே போதும். ஆனால் இந்த ஒலிக்கு இரண்டு எதிரிகள் உண்டு: எலும்பும் காற்றும். விலா எலும்பு ஒலியைத் தடுத்துவிடும். நுரையீரலில் உள்ள காற்று அதைச் சிதற அடித்துவிடும். விலாக்களின் இடுக்கில் கிடைக்கும் சிறு சன்னல்கள் வழியேதான் எட்டிப் பார்க்கவேண்டும். பருத்த உடம்பும், நாட்பட்ட நுரையீரல் நோயும், அறுவைச் சிகிச்சைக் கட்டும் அந்தச் சன்னல்களையும் அடைத்துவிடுகின்றன.

பௌதிகம் படிக்கும் நண்பர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். உடலின் மெல்லிய திசுக்களில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் செல்கிறது. 2.5 மெகாஹெர்ட்ஸ் ஒலியானால் அதன் அலைநீளம் 0.6 மில்லிமீட்டர், 5 மெகாஹெர்ட்ஸ் ஆனால் பாதி, 0.3. அலை குறுகக் குறுகப் படம் துல்லியமாகும். அப்படியானால் எப்போதும் உயர்ந்த அதிர்வையே அனுப்பலாமே என்றால், அதுதான் முடியாது. அதிர்வு உயர உயர ஒலி விரைவில் களைத்துப்போகும், ஆழம் போகாது. மார்பின் முன்னிருந்து இடது மேலறையின் பின்சுவர் வரை பத்துப் பதினைந்து செண்டிமீட்டர் போய் வரவேண்டும். கனத்த குரல்தான் அவ்வளவு தூரம் எட்டும். புழக்கடையிலிருந்து பார்ப்பவருக்கோ தூரமே இல்லை, நடுவில் எலும்பும் இல்லை, காற்றும் இல்லை. ஆகவே 5, 7 மெகாஹெர்ட்ஸ் என்று கீச்சுக்குரலில் பேசலாம். நூல் போன்ற பொருளும் தெரியும்.

இந்தக் கலை பிறந்த கதையும் சுவையானது. ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற மருத்துவர் இருந்தார். மைட்ரல் வால்வை அறுவை செய்யும் காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அறுவைக்கு முன்னால் வால்வின் நிலையைத் தெரிந்துகொள்ள வழியில்லையே என்பது அவர் கவலை. அவர் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக அறிஞரை நாடினார். மால்மோ துறைமுகத்தில் கப்பல் கட்டும் இடத்தில், உலோகத்தில் வெடிப்பு உண்டா என்று ஒலியால் சோதிக்கும் கருவி ஒன்று இருந்தது. ஹெர்ட்ஸ் அங்கே போய் அதைத் தம் மார்பில் வைத்துப் பார்த்தார். இருதயத்தின் எதிரொலி கிடைத்தது. பிறகு சீமென்ஸ் கம்பெனியிடம் அத்தகைய கருவி ஒன்றைக் கேட்டுப் பெற்று, 1953 அக்டோபரில் இருவரும் இருதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். மெகாஹெர்ட்ஸ் என்று மேலே எழுதினேனே, அந்த அளவைக்குப் பெயர் தந்த ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் இவருடைய பாட்டனார் முறை. 1925-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற குஸ்தாவ் ஹெர்ட்ஸ் இவருடைய தந்தை. குலவித்தை என்பது இதுதான் போலும்.

முன்வாசலிலிருந்து புழக்கடைக்கு வர மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1976-இல் அமெரிக்காவில் லீ ஃப்ரேசின் என்பவரும் அவருடன் இருந்தோரும் சிறு ஒலிக்கருவி ஒன்றைக் கம்பியின் நுனியில் கட்டி உணவுக்குழாய்க்குள் இறக்கிப் பார்த்தார்கள். கிடைத்தது ஒற்றைக் கோட்டுப் பதிவுதான். 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹான்ராத் முதலியோர், இரைப்பையை நோக்கும் வளையும் குழாயின் நுனியில் படம் காட்டும் ஒலிக்கருவியைப் பொருத்தினர். அதன்பின் இரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் வந்தது. குழாயை அசைக்காமலே பார்வையை மட்டும் 180 பாகை திருப்பும் வசதி வந்தது. 2007 முதல் துடிக்கும் வால்வை முப்பரிமாணத்தில், அறுவை மருத்துவர் நெஞ்சைத் திறந்து பார்ப்பது போலவே, திரையில் காணமுடிகிறது.

இனி இதனால் யாருக்கு என்ன பயன் என்று பார்ப்போம். பயன்கள் பல. ஆனால் நம் நாட்டில் நான் முதலிடம் தருவது மைட்ரல் வால்வு சுருங்கிய நோயாளிகளுக்கே.

சிறுவயதில் தொண்டைப் புண் வருகிறது. அதைக் கவனிக்காது விட்டால் சில குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. மூட்டுகள் வீங்கித் தாமே வடிந்துவிடுகின்றன. ஆனால் இருதய வால்வுகளில் அந்தக் காய்ச்சல் விட்டுச் செல்லும் தழும்பு வடிவதில்லை. பத்து, இருபது ஆண்டுகளில் மைட்ரல் வால்வின் இதழ்கள் ஒட்டித் தடித்துப் போகின்றன. இயல்பாக 4 முதல் 6 சதுர செண்டிமீட்டர் திறக்கவேண்டிய வாசல் ஒன்றாகவும், ஒன்றுக்குக் குறைவாகவும் சுருங்குகிறது. பணக்கார நாடுகளில் இந்நோய் அருகிவிட்டது. நம்மிடம் இல்லாமை உள்ள இடத்திலெல்லாம் இன்னும் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. வாசல் சுருங்கினால் அதற்குப் பின்னால் உள்ள இடது மேலறையில் இரத்தம் தேங்கும், அறை விரியும், சீராகத் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கும். தேங்கிய நீரில் பாசி பிடிப்பது போலத் தேங்கிய இரத்தம் கட்டியாகிறது.

அந்தக் கட்டி பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் போன்ற ஒரு சிறு பை இருக்கிறது. காதுப்பை என்று வைத்துக்கொள்வோம். 1925-இல் லண்டனில் ஹென்றி சூட்டர் என்ற அறுவை மருத்துவர் ஓர் இளம்பெண்ணின் காதுப்பையைக் கீறி, அதன் வழியே தம் விரலை நுழைத்து மைட்ரல் வால்வைத் திறந்தார். வைத்திய வரலாற்றில் புகழ் பெற்ற துளை அது. இன்று விரலுக்குப் பதில் பலூன். ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனூவே 1984-இல் வெளியிட்ட முறை இது. தொடையில் உள்ள இரத்தக்குழாய் வழியே பலூனைக் கொண்டுபோய், இரு மேலறைகளின் நடுச்சுவரில் துளையிட்டு இடது மேலறைக்குள் நுழைந்து, வால்வின் நடுவில் வைத்து ஊதினால் ஒட்டிய இதழ்கள் பிரியும். நெஞ்சைத் திறக்கவேண்டியதில்லை. ஆனால் பலூன் நுழையும் அறையில் இரத்தக்கட்டி இருந்தால்? கட்டி பெயர்ந்து மூளைக்குப் போகும். வால்வைத் திறக்கப் போய் வாயும் கையும் விழுந்துபோகும்.

மார்பின் மேல் வைக்கும் எக்கோவில் காதுப்பை சரியாகத் தெரியாது. அது 'கட்டி இல்லை' என்று சொன்னால் 'எனக்குத் தெரியவில்லை' என்றுதான் பொருள். உணவுக்குழாய் வழியே பார்த்தால் காதுப்பை கண்ணுக்கு நேரே நிற்கிறது. கட்டி இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவைக்கு மேல் காட்டிக்கொடுத்துவிடும். பலூனா, பொறுப்பதா என்ற முடிவு இந்தச் சோதனையின் கையில் இருக்கிறது.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். தர்மபுரிப் பக்கத்துப் பெண், வயது முப்பதுக்குள். கணவர் கட்டட வேலை. மறுநாள் காலை பலூன் என்று நாள் குறித்தாயிற்று. அதற்கு முன் இந்தச் சோதனை. மொழிபெயர்க்க நம் சங்கத்து நண்பர் ஒருவர் வந்திருந்தார். "விழுங்குவதில் சிரமம் உண்டா?" என்று கேட்கச் சொன்னார் டாக்டர். நண்பர் நல்ல தமிழில், "உணவு உட்கொள்வதில் ஏதேனும் சிரமம் உண்டா?" என்றார். அந்தப் பெண் சற்றே வெட்கத்துடன், "அதெல்லாம் கஷ்டமில்லீங்க. அவரு சம்பாரிக்கிறாரு" என்றார். வீட்டில் சோற்றுக்குக் கஷ்டமா என்று கேட்பதாக அவருக்குப் பட்டிருக்கிறது! நண்பரும் 'இல்லை' என்று மொழிபெயர்த்துவிட்டார். பதிலின் பின்பாதி என் காதில் விழுந்ததால் நான் மறுபடி கேட்டேன்.

"ஏங்க்கா, சோறு முழுங்கினா நல்லா இறங்குதா?"

"கட்டிச் சோறு இறங்காது தம்பி. நெஞ்சுலயே நிக்கும். தண்ணி குடிச்சுத்தான் இறக்கணும். ரசஞ்சோறுன்னா போயிரும்."

"எத்தனை நாளா?"

"ஒரு வருசமா இருக்கும்."

டாக்டர் குழாயைக் கீழே வைத்துவிட்டார். உணவுக்குழாய்க்குள் சுருக்கமோ புற்றோ பையோ இருந்தால், கண் தெரியாமல் உள்ளே தள்ளும் குழாய் அதைக் கிழித்துவிடக் கூடும். அன்று மாலையே பேரியம் குடிக்கச் செய்து படம் எடுத்தார்கள். உள்ளே சுருக்கம் இல்லை. மேலே சொன்ன அந்தப் பழைய வில்வளைவுதான். பெருத்த மேலறை வெளியிலிருந்து அழுத்தியதால்தான் சோறு நின்றிருக்கிறது. மறுநாள் சோதனை நடந்தது. திரையில் மேலறைக்குள் சாம்பிராணிப் புகை சுழல்வது போல இரத்தம் மந்தமாகச் சுழன்றது. தேக்கத்துக்கு அடையாளம் அது. காதுப்பையின் உள்ளே கட்டைவிரல் நுனியளவு ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. பலூன் நிறுத்தப்பட்டது.

அந்தப் பெண்ணுக்குக் கோபம். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். கணவருக்கு நாலு நாள் கூலி போயிற்று. 'குழாயை விட்டும் ஒன்றும் செய்யாமல் அனுப்புகிறார்களே' என்றார். அவருக்கு விளங்கும்படி சொல்ல நம் நண்பருக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணியை அவர் நன்றாகச் செலவிட்டார் என்று சொல்வேன். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை, அளவு சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது இரத்தம் சோதித்து, மூன்று மாதம் கொடுத்தார்கள். மறுபடி சோதித்தபோது கட்டி கரைந்திருந்தது. பலூன் நல்லபடி முடிந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. சோறு இறங்குவது மட்டும் பழையபடிதான் என்றார். ஆண்டுக்கணக்கில் விரிந்த அறை ஒரு நாளில் சுருங்கிவிடாது.

வால்வு நோய் இல்லாத முதியோருக்கும் மேலறை நடுங்கும் நோய் வருவதுண்டு. அவர்களுக்குக் கட்டி உண்டானால் பத்தில் ஒன்பது பங்கு அந்தக் காதுப்பையில்தான். மின் அதிர்ச்சி தந்து துடிப்பைச் சீராக்கலாம். ஆனால் சீராகத் துடிக்கத் தொடங்கும் அந்த வேளையிலேயே கட்டி வெளியே தள்ளப்படும் அபாயமும் உண்டு. நடுக்கம் தொடங்கி ஒன்றிரண்டு நாள் கடந்துவிட்டால் மூன்று வாரம் மருந்து கொடுத்துவிட்டுத்தான் அதிர்ச்சி தருவது பழைய முறை. குழாய் வழியே பார்த்துக் கட்டி இல்லை என்று தெரிந்தால் காத்திராமல் செய்யலாமா? 1222 பேரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2001-இல் வெளியான ஆராய்ச்சியில், பக்கவாதம் போன்ற விபத்துகள் இரு பக்கமும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே இருந்தன. இரத்தக்கசிவு குழாய் முறையில் குறைவாக இருந்தது. எப்படியாயினும் அதிர்ச்சிக்குப் பிறகு நான்கு வாரமாவது மருந்து வேண்டும். 'கட்டிதான் இல்லையே' என்று அதை நிறுத்திவிடுபவர்கள் உண்டு; நிறுத்தக் கூடாது.

அடுத்தது செயற்கை வால்வு. நம் நாட்டிலேயே, திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிலையத்தில், வலியத்தான் அவர்களின் தலைமையில் உருவான சித்ரா வால்வு 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இத்தகைய உலோக வால்வு உள்ளவர்கள் வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் சாப்பிடவேண்டும். ஊருக்குப் போனவிடத்தில் மாத்திரை தீர்ந்துவிட்டது, திருவிழாவில் மறந்துவிட்டது என்று பத்து நாள் விட்டால் வால்வில் இரத்தம் உறைந்து, தட்டு அசையாமல் நின்றுவிடும். உடனே மூச்சுத் திணறலுடன் ஓடிவருவார்கள். முன்னிருந்து எக்கோவில் பார்த்தால் உலோகம் ஒலியைத் தடுத்துத் தனக்குப் பின்னால் நிழல் விழச் செய்கிறது. மைட்ரல் இடத்து வால்வானால் அந்த நிழல் சரியாக இடது மேலறையின் மேல் விழும். கட்டியும் கசிவும் அந்த இருட்டில் மறைந்துவிடும். பின்னிருந்து பார்த்தால் மேலறை வெளிச்சத்தில் இருக்கும், நிழல் அப்பால் விழும். பௌதிகத்தில் இதைவிட எளிய பாடம் இல்லை. இதிலே எவ்வளவு உயிர் அடங்கியிருக்கிறது!

வால்வில் கிருமிகள் கூடுகட்டும் நோயும் அப்படித்தான். வாரக்கணக்கில் காய்ச்சல், காரணம் தெரியாது. கிருமிக்கூடு சில மில்லிமீட்டர்தான் இருக்கும். வால்வின் ஓரத்தில் சீழ் கட்டிவிட்டதா என்பது அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்பதையே முடிவு செய்யும். 1991-இல் ஜெர்மானிய மருத்துவர்கள் வெளியிட்ட கணக்கில், அத்தகைய சீழ்க்கட்டிகளில் முன்னிருந்து தெரிந்தவை நூற்றுக்கு 28. உணவுக்குழாயிலிருந்து தெரிந்தவை 87.

பெருந்தமனியின் சுவர் கிழியும் கொடிய நோயில் மணிக்கு மணி உயிர் போகும் வாய்ப்பு ஏறுகிறது. நோயாளியை ஸ்கேன் அறைக்குத் தூக்கிச் செல்லவும் முடியாத நிலையில் படுக்கையிலேயே இச்சோதனை செய்து விடலாம். அறுவை அரங்கிலோ மயக்கமருந்து மருத்துவர் நோயாளியின் தலைமாட்டில் இருந்தபடியே இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வால்வைச் சீர்செய்து தைத்து முடித்தவுடன், நெஞ்சை மூடுவதற்கு முன்னாலேயே, கசிவு இன்னும் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். இருந்தால் அப்போதே மறுபடி தைக்கலாம். இளவயதில் காரணமின்றிப் பக்கவாதம் வந்தவரின் மேலறைச் சுவரில் சிறு துளை உண்டா என்று தேடவும், அத்துளைகளைக் குடைபோன்ற கருவியால் அடைக்கும்போது வழிகாட்டவும் இதுவே துணை.

இவ்வளவு சொன்னதால் இருதய நோயாளி எல்லாருக்கும் இது வேண்டும் என்று எண்ணிவிடக் கூடாது. முன்வாசலில் தெரிவதற்குப் புழக்கடைக்கு ஏன் போகவேண்டும்? மாரடைப்புக்குப் பின் இடது கீழறையின் நுனியில் கட்டும் இரத்தக்கட்டி குழாய்க்கு மிகத் தொலைவு. அது மார்பின் மேலிருந்தே நன்றாகத் தெரியும். பெருந்தமனியின் மேற்பகுதியில் ஓரிடத்தை மூச்சுக்குழாயின் காற்று குறுக்கே நின்று மறைத்துவிடுகிறது, அங்கே சி. டி. ஸ்கேன்தான் கை கொடுக்கும். விடை எதுவானாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால் இச்சோதனையே வேண்டியதில்லை என்பது என் கருத்து. "இதன் முடிவால் என்ன மாறும்?" என்று டாக்டரிடம் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. அவர் கூச்சப்பட்டால் அவருக்காக நீங்கள் கேட்கலாம்.

அபாயம் எவ்வளவு? 1991-இல் ஐரோப்பிய மருத்துவமனைகள் பலவற்றின் 10,419 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு இருவருக்குக் குழாய் இறங்கவில்லை. இறந்தவர் ஒருவர், உணவுக்குழாய் வரை ஊடுருவியிருந்த நுரையீரல் புற்றுநோயிலிருந்து இரத்தம் கொட்டியதால் அவர் இறந்தார். ஆகவே அந்த விழுங்கும் கேள்வியை மறுபடி நினைவூட்டுகிறேன். 'சிரமம் உண்டா' என்று கேட்காதீர்கள். சோறு இறங்குகிறதா, எங்கே நிற்கிறது, தண்ணீர் குடித்துத் தள்ளவேண்டியிருக்கிறதா, இரத்தமாக வாந்தி எடுத்ததுண்டா, மஞ்சட்காமாலை வந்து வயிறு வீங்கியதுண்டா என்று வீட்டில் பேசுகிற தமிழில் கேளுங்கள்.

பிறகு நடக்கப்போவதைச் சொல்லுங்கள். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, காப்பியும் கூடாது. பல்செட் இருந்தால் கழற்றிவிடவேண்டும். ஆடும் பல் இருந்தால் முன்னமே சொல்லவேண்டும். தொண்டையில் கசப்பான மருந்தைத் தெளிப்பார்கள். மரத்துப்போய், விழுங்கவே முடியாதது போலத் தோன்றும். மூச்சு நிற்பதாகச் சிலர் பயப்படுவார்கள். குழாய் போவது சோற்று வழியில். மூச்சு வழி திறந்தே இருக்கிறது. இதை முன்கூட்டிச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். சிறு தூக்க ஊசி போட்டு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். பற்களுக்கு இடையே ஒரு கட்டையை வைத்து, சுண்டுவிரல் பருமனுள்ள குழாயை நாக்கின் மேல் வைத்து, "விழுங்குங்கள்" என்பார்கள். அந்த ஒரு சொல் நோயாளியின் காதில் தமிழில் விழவேண்டும், அதுவும் சரியான நொடியில். ஆகையால் தலைமாட்டில் நில்லுங்கள். "முழுங்குங்க, இன்னொரு தடவை முழுங்குங்க, ஆச்சு" என்று சொல்லுங்கள். குமட்டும், எச்சில் வழியும், வழிந்தால் வழியட்டும், விழுங்கவேண்டாம், மூக்கால் மூச்சு விடட்டும். பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

முடிந்தவுடன் நாக்கு வறண்டு தண்ணீர் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். தொண்டை மரத்திருக்கும்வரை தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒரு மணி நேரமாவது கழித்து, மரப்பு நீங்கியபின் ஒரு கரண்டி குளிர்ந்த நீர். புரையேறாமல் இறங்கினால் இன்னும் கொஞ்சம். சூடான காப்பி அதற்கும் பிறகு. அன்று வண்டி ஓட்டக்கூடாது; துணைக்கு ஒருவர் கூடப் போகவேண்டும். இரண்டொரு நாள் தொண்டை கரகரக்கும், அது பெரிதில்லை. நெஞ்சுவலியோ கழுத்து வீக்கமோ காய்ச்சலோ வந்தால் இரவு எத்தனை மணியானாலும் திரும்ப வரச்சொல்லுங்கள். அவசரப் பிரிவின் வாசலில் யாருக்குத் தமிழ் தெரியும் என்று அவர்கள் தேடிக்கொண்டு நிற்கவேண்டாம். விடுதியின் தொலைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழ்துக் கையில் கொடுத்தனுப்புங்கள்.